பந்தலுக்கு விட்ட வண்டுகள்

மார்ச் 4, சனி

இந்த டைரி மருந்துக்கடைக்காரன் புது வருசத்துக்குக் கொடுத்தது. அட்டையில் பூச்சிமருந்து பாட்டில் படம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு மாதமாக அரிசி டிரம் மேல் கிடந்தது. இன்றைக்கு அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு உள்ளே எழுதுகிறேன்.

ஆராய்ச்சி நிலையத்து ஷாஹிதா மேடம் எழுதச் சொன்னார். எங்கள் ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தலில் மாவுப்பூச்சியைத் தின்பதற்கு வண்டு விட்டிருக்கிறோம். நாலு டப்பா, டப்பாவுக்கு இருநூறு. மிளகு அளவு கறுப்பு வண்டு, தலை மட்டும் செம்மண் நிறம். பத்துக் கொடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது. நாலு நாளைக்கு ஒரு தரம் அந்தப் பத்திலும் பூச்சி எத்தனை, வண்டு எத்தனை என்று எண்ணிக் குறிக்க வேண்டும்.

"வேற எதுவும் எழுதணுமா மேடம்?" என்றேன்.

"உங்களுக்குத் தோணுறத எழுதுங்கக்கா" என்றார்.

பாவம், எனக்கு என்னென்ன தோன்றுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மேடம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எறும்பைக் கொடியில் ஏறவிடக் கூடாது, மாவுப்பூச்சிக்கு எறும்புதான் காவல். மருந்து ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. "ரெண்டு மூணு வாரத்துல ஒண்ணு பாப்பீங்கக்கா, பாத்துப் பயந்துறாதீங்க, அது வந்து..." என்று ஆரம்பிக்கும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தம். என் கொழுந்தன் லூர்து மருந்தடிக்க ஆரம்பித்துவிட்டான்! எங்கள் ஏக்கரும் அவன் ஏக்கரும் ஒரே பந்தல். ஒரே கம்பி, ஒரே கல்தூண் வரிசை. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும்தான் வந்தது. வண்டு விட்டுப் பத்து நிமிசம் ஆகவில்லை, அதற்குள் இவனுக்கு மருந்து கேட்கிறது.

ஓடிப்போய்க் கத்தினேன். "அறிவிருக்காப்பா உனக்கு? உங்கண்ணன் ஆசுபத்திரியில கெடந்தது மறந்துபோச்சா?"

"காத்து அங்கிட்டு வரல மதினி. என் தோட்டத்துல நான் அடிக்கக் கூடாதா?"

"அடி. அடிச்சு அடிச்சு இந்த ஊரையே சுடுகாடாக்கு."

மோட்டாரை நிறுத்திவிட்டு முறைத்துக்கொண்டு நின்றான். நான் அரை மணி நேரம் விடவில்லை. திரும்பி வந்தபோது மேடம் ஜீப்பில் ஏறத் தயாராக இருந்தார். "நான் கடைசியா சொன்னது காதுல விழுந்துச்சாக்கா?" என்றார். "எல்லாம் தெரியும் மேடம், நீங்க போயிட்டு வாங்க" என்றேன். ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார். மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "பிலோமி, பூச்சியக் கொல்ல பூச்சிய வாங்கியாந்திருக்கியாமே?" லூர்து அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். சிரிப்பு வேறு. இவர்கள் வீட்டு ஆம்பளை யாராவது பந்தலுக்கடியில் நுரை தள்ளி விழுந்திருந்தால் தெரியும் சிரிப்பு.

எழுதிவிடுகிறேன். போன ஐப்பசியில், திராட்சை வெட்டுக்கு இருபது நாள் இருக்கும்போது, குலைக்குள் மாவுப்பூச்சி புகுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மருந்தடித்தார். பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது, மேலே பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அடிக்கிற மருந்தில் பாதி இலையில், பாதி மூஞ்சியில். அன்றைக்கு மருந்தின் அளவு கூடிப்போய்விட்டது. கடைக்காரன் சரியாகச் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் விழுந்தார். பதினொரு நாள் பெரியாசுபத்திரி. பிழைத்து வந்தார், ஆனால் கை நடுங்குகிறது. சட்டைப் பித்தான் போட முடியாது. டம்ளரை இரண்டு கையால் பிடித்துத்தான் காப்பி குடிக்கிறார். "இன்னொரு தரம் மருந்து உள்ள போச்சுன்னா இங்க தூக்கிட்டு வராதீங்க" என்று டாக்டர் என் மூஞ்சிக்கு நேரே சொன்னார்.

அப்புறமும் இந்த மனுசன் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஈஸ்டர் வரைக்கும் ஒன் வண்டப் பாக்குறேன் பிலோமி. அதுக்குள்ள திராட்சக் கொலை சுத்தமாகலைன்னா நானே அடிப்பேன். வேற ஆளு வச்சு அடிச்சு அவனுக்கும் இந்தக் கதி வர வேணாம்." இந்தப் பள்ளத்தாக்கிலேயே இன்னாசி மாதிரி மருந்தடிக்க ஆளில்லை என்று பெயர். பெரிய பட்டம்! கட்டிக்கொண்டு அழட்டும். நான் எத்தனை கத்தினாலும் அந்த ஈஸ்டரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.

ஆக, ஏப்ரல் 9 வரை. முப்பத்தைந்து நாள்.

மார்ச் 8, புதன்

பத்துக் கொடியில் மாவுப்பூச்சி 212. வண்டு 19.

நானூறு கொடிக்கும் அடித்தண்டில் பிளாஸ்டிக் தாள் சுற்றி கிரீஸ் தடவினேன். இரண்டு நாள் வேலை. கூலிக்கு வந்தவள் பாதியில், "கையெல்லாம் நாறுதுக்கா" என்று போய்விட்டாள். போகட்டும். கிரீஸில் எறும்பு ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மார்ச் 12, ஞாயிறு

மாவுப்பூச்சி 226. வண்டு 11.

குறையவில்லை. கூடியிருக்கிறது! லூர்து வாய்க்கால் வரப்பில் நின்றுகொண்டு, "மதினி, வண்டுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்தாச்சா? தவக்காலம்ல, கறி திங்காம விரதம் இருக்குதுக போல" என்கிறான். வாயில் நன்றாக வந்தது. பக்கத்தில் இவர் நின்றதால் விழுங்கிக்கொண்டேன். இவரும் தம்பியோடு சேர்ந்து சிரிக்கிறார். சிரிக்கும்போது கை இன்னும் அதிகமாக ஆடுகிறது.

மார்ச் 16, வியாழன்

மாவுப்பூச்சி 231. வண்டு 4.

எண்ணூறு வண்டும் எங்கே போனது? மேடத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஆபீசில் கேட்டால் ஏதோ பயிற்சியாம், இன்னும் பத்து நாள் வெளியூராம். மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன, என் வீட்டு ஆம்பளையின் உயிரா அவர்களுக்குக் கணக்கு?

காலையில் இவர் சட்டையோடு கால் மணி நேரம் போராடினார். நான் போய்ப் போட்டுவிட்டேன். "வேணாம்" என்று கையைத் தட்டிவிட்டார். அப்புறம் தானே வந்து நின்றார். பூண்டு உரிக்கக் கொடுத்தேன். ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு நாலு ஏக்கர் மருந்தடித்த ஆள், முறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் கடைக்காரன் கழுத்தைத் திருகவேண்டும்போல் இருந்தது.

மார்ச் 20, திங்கள்

எண்ணவில்லை. கரண்டு விட்டு விட்டு வந்தது, தண்ணீர் பாய்ச்சவே சரியாக இருந்தது.

மார்ச் 22, புதன்

இன்றைக்குப் பந்தலுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மாவுப்பூச்சி சதை போட்டிருக்கிறது. முன்பெல்லாம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஒட்டின இடத்திலேயே கிடக்கும். இப்போது நெல் அளவு, சிலது அதற்கும் பெரிது. உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரி திரித்தாற்போல் தொங்குகிறது. அதோடு ஓடுகிறது! தண்டில், இலையடியில், குலைக்குள். ஒரு கொடியில் மட்டும் பதினாலு பார்த்தேன்.

வண்டு விட்டால் பூச்சி ஒழியும் என்று சொன்னார்கள். ஒழியவில்லை, தின்று கொழுத்திருக்கிறது. ஈஸ்டருக்குப் பதினெட்டு நாள்தான். வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினேன். ஷாஹிதா மேடத்தை, லூர்துவை, கடைக்காரனை, ஆண்டவரையும் சேர்த்துத்தான்.

மருந்து கிடையாது. கையாலேயே பொறுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இவரிடம் சொன்னேன். "வாளியில மண்ணெண்ணெத் தண்ணி வச்சுக்கிட்டு, பழைய பெயிண்டு பிரசால தட்டி விடுங்க. பெருசா இருக்கறத மட்டும். அதுதான் குட்டி போடும்."

"நானா?" என்றார்.

"பின்ன யாரு?"

மார்ச் 23, வியாழன்

ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். நான் சொல்லாமலே தலையில் துண்டு கட்டிக்கொண்டார். மதியம் கஞ்சி கொண்டுபோனால் பன்னிரண்டாம் வரிசையில் நிற்கிறார். வாளியைத் தூக்கிக் காட்டினார். மேலே வெள்ளையாக மிதக்கிறது.

"எண்ணிட்டேன் பிலோமி. இருநூத்தி எழுபது. நீயே எண்ணிக்கோ."

மார்ச் 24, வெள்ளி

இன்றைக்கும் இருநூற்று எழுபது. ஆக மொத்தம் பெரிய மாவுப்பூச்சி 540 ஒழித்தோம். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி மேடத்திடம் காட்ட வேண்டும். வண்டு செய்யாததை என் வீட்டுக்காரர் செய்திருக்கிறார்.

சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு வந்து கையை நீட்டினார். "பாரு." பார்த்தேன். ஆடவில்லை. கொஞ்சம்கூட ஆடவில்லை. "வேல செய்யும்போது ஆடல பிலோமி. சும்மா இருந்தாத்தான் ஆடுது." மூன்றாவது தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஐப்பசிக்குப் பிறகு இந்த மனுசன் சிரித்துப் பேசிச் சாப்பிட்டது இன்றைக்குத்தான். நான் அடுப்படியில் போய் அழுதேன், கோபத்தில் இல்லை.

மார்ச் 29, புதன்

மேடம் வந்தார். இவர் வைத்தியத்துக்காக டவுனுக்குப் போயிருந்தார், நான் மட்டும்தான் தோட்டத்தில். டைரியைக் காட்டினேன். 540 என்று இருந்த பக்கத்தில் மேடம் விரலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"பெரிய மாவுப்பூச்சின்னு எதச் சொல்றீங்கக்கா?"

"வெள்ளையா, திரி திரியா, ஓடுச்சே."

ஒரு கொடியின் பட்டையை மெதுவாக உரித்தார். உள்ளே ஒன்று ஒளிந்திருந்தது. லென்சை என் கையில் கொடுத்தார். "நல்லாப் பாருங்க. வாயில என்ன வச்சிருக்கு?" பார்த்தேன். ஒரு மாவுப்பூச்சியைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"இது வண்டோட புழுக்கா. நீங்க விட்ட வண்டு போட்ட முட்டையில வந்தது. பாக்க மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும், எறும்பு ஏமாறட்டும்னு. வண்டவிட இதுதான் அதிகமா திங்கும். அன்னைக்கே சொன்னேனே... தாள்லயும் படம் போட்டிருந்துச்சே."

கைப்பையில் தேடினேன். தாள் இருந்தது. முதல் பக்கத்திலேயே படம். கீழே கட்டம் கட்டி எழுதியிருக்கிறது: இதைக் கொல்லாதீர்கள்.

"யாருக்கா பொறுக்குனது?"

நான் என்ன சொன்னேன்? எழுதத்தான் வேண்டும். "பொறுக்குனதெல்லாம் கொஞ்சம்தான் மேடம். லூர்து அடிச்ச மருந்துதான் இங்கிட்டு வந்து எல்லாத்தையும் கொன்னுருச்சு" என்றேன். மேடம் என்னையே பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பெரிய வண்டு இன்னும் மிச்சம் இருக்கிறதாம், மறுபடி முட்டை வைக்குமாம். ஆனால் ஈஸ்டருக்குள் நடக்காது, மே முதல் வாரம் ஆகும் என்றார். வெட்டு அப்போதுதான், அதனால் பயிர் தப்பும், பொறுமையாக இருங்கள் என்றார்.

மே வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டியவள் நான் இல்லையே, ஈஸ்டர் என்று கெடு வைத்த இவர்தானே.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுசன் உடைந்துபோவார், அதற்காகத்தான்.

மார்ச் 30, வியாழன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

கோயில் வாசலில் லூர்து என்னைப் பார்த்து, "என்ன மதினி, வண்டு எப்படி இருக்கு?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு எங்கிருந்து வந்ததோ! கையில் குருத்தோலையோடு அத்தனை சனத்துக்கு முன்னால் கத்தினேன். "எல்லாத்தையும் மருந்தடிச்சுக் கொன்னுபுட்டு எப்படி இருக்குன்னா கேக்குற? கூடப் பொறந்தவன் குடியக் கெடுத்துட்டு ஓலையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவன் வாய் திறக்கவில்லை. அவன் பெண்டாட்டிதான், "என்னக்கா இப்படிப் பேசுறீங்க" என்று அழுதாள். இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம், "லூர்து அப்படிச் செய்ய மாட்டான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒங்க தம்பிய விட்டுக் குடுப்பீங்களா" என்று இவர் மேலும் விழுந்தேன்.

ஏப்ரல் 5, புதன்

பெரிய வாரம். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. தலைவலி என்றேன்.

குலையில் பூச்சி ஏற ஆரம்பித்துவிட்டது. இவர் மோட்டார் ரூமிலிருந்து தெளிப்பு மோட்டாரை இழுத்து வெளியே போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ரப்பர் குழாயை நீட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். "வண்டு தோத்துருச்சு பிலோமி. ஒன் மேல தப்பு இல்ல. நீ செய்யுறதச் செஞ்சுட்ட" என்கிறார். கோபமாகச் சொன்னால்கூடத் தாங்குவேன். இப்படி அனுசரணையாகச் சொல்கிறாரே, என்ன செய்ய?

கடைக்காரன் ஐப்பசியில் ஒரு டிரம்முக்கு ஒரு மூடி என்றுதான் சொன்னான். அதை இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன். அவன் சரியாகத்தான் சொன்னான்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். சிலுவைப்பாதைக்கு முன்னால் தோட்டத்துக்குப் போனேன். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனதில் வாய்க்காலைத் தாண்டிவிட்டேன்.

லூர்துவின் முதல் வரிசை. வெள்ளைப் புழு. இரண்டாவது வரிசை. வெள்ளைப் புழு. கொடிக்கு இருபது, முப்பது. மாவுப்பூச்சியெல்லாம் சக்கையாக ஒட்டிக்கிடக்கிறது, குலை கண்ணாடி மாதிரி சுத்தம். ஆறு வரிசை அப்படி. ஏழாவது வரிசைக்குப் போனால் மருந்து வாடை. அங்கே ஒரு புழுவும் இல்லை, ஒரு வண்டும் இல்லை.

பின்னாலிருந்து லூர்து வந்தான்.

"இந்த ஆறு வரிசைக்கு மருந்தடிக்கலையாப்பா?"

"இல்ல மதினி. அன்னைக்கு நீங்க அந்தக் கத்துக் கத்துனீங்கள்ல. அண்ணன் மூக்குக்கு வாடை போயிறக் கூடாதுன்னு ஆறு வரிசைய விட்டுட்டேன். ஒங்க வண்டுதான் வாய்க்காலத் தாண்டி வந்துருக்கு. இந்த வெள்ளப் புழுவப் பாத்து நானும் பயந்துட்டேன். போட்டோ எடுத்து அந்த மேடத்துக்கு அனுப்புனேன். தொடாதீங்கன்னாங்க. தொடல."

"அப்பக் கோயில் வாசல்ல ஏம்ப்பா பேசாம நின்ன?"

"கோயில்ல வச்சு மதினிகிட்ட என்னத்தச் சண்ட போட?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோப்பா என்று ஒரே ஒரு வார்த்தை வரவேண்டியதுதானே? வரவில்லை. "சிலுவைப்பாதைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பிறவி நான்?

ஏப்ரல் 9, ஈஸ்டர்

கறி எடுத்தோம். நான் சாப்பிடவில்லை. இவர் நாளைக் காலையில் அடிக்கப்போகிறாராம்.

ஏப்ரல் 10, திங்கள்

விடியும்போது படுக்கையில் ஆள் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். மூஞ்சியில் துண்டு. மருந்து பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றப் பார்க்கிறார், கை ஆடுகிற ஆட்டத்தில் பாதி விரலில் வழிகிறது.

"ஊத்தாதீங்க!"

"நேத்தோட கெடு முடிஞ்சுருச்சு பிலோமி. தள்ளு."

"வண்டு தோக்கல. நாமதான் கொன்னோம்."

"என்ன?"

"நீங்க பொறுக்குனீங்கள்ல, பெரிய வெள்ளப் பூச்சி, ஐந்நூத்தி நாப்பது, அது பூச்சி இல்ல. வண்டோட புழு. பூச்சியத் திங்கிறதே அதுதான். பொறுக்கச் சொன்னது நான். மேடம் சொன்னதக் கேக்காம லூர்துகூடச் சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன். தாளையும் படிக்கல. பன்னெண்டு நாளா எனக்குத் தெரியும், ஒங்ககிட்ட மறைச்சேன். லூர்து மேல பழி போட்டேன். அவன் பக்கம் ஆறு வரிச சுத்தமா இருக்கு, போயிப் பாருங்க!"

சொல்லிக்கொண்டே போனேன், நிற்கவில்லை. ஐப்பசியையும் சொன்னேன். "கடக்காரன் ஒரு மூடிதான் சொன்னான். வியாபாரி வந்து கொலையத் தொட்டுப் பாத்துட்டு, மாட்டுக்குப் போடுங்கன்னு சொன்ன ஆத்தரத்துல நான் ரெண்டு மூடி ஊத்துனேன். வெயில் தாழட்டும்னு நீங்க சொன்னதுக்கு, இப்பவே அடிங்கன்னு வெரட்டுனதும் நாந்தான்."

துண்டை இறக்கினார். "அது எனக்குத் தெரியும். டிரம்முல வாடையே சொல்லுச்சு. டாக்டர்கிட்ட நாந்தான் கலந்தேன்னு எதுக்குச் சொன்னேன்னு நெனச்ச?" என்றார். அது பெரிய விசயமே இல்லை என்பது மாதிரிச் சொன்னார். அப்புறம்தான் மூஞ்சி மாறியது. ஐந்து மாதமாக நான் பார்க்காத மூஞ்சி.

"அந்த ரெண்டு நாளு," என்றார். "அந்த ரெண்டு நாளுதான்டி நான் மனுசனா இருந்தேன். கை ஆடலன்னு ஒங்கிட்ட காட்டுனேன். நீ தெரிஞ்சுக்கிட்டு, பன்னெண்டு நாளு எனக்குச் சட்ட மாட்டிவிட்டுக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லாம... நான் என்ன பச்சப்புள்ளையா? என்னத்துக்குடி நான் ஒனக்கு? பூண்டு உரிக்கவா?"

காலால் ஓர் உதை. டிரம் உருண்டு இருநூறு லிட்டர் தண்ணீரும் என் காலடியில் ஓடியது. எனக்குப் பயமாக இல்லை. கத்துங்க, இன்னும் கத்துங்க என்றிருந்தது. அவர் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து மருந்து பாட்டிலுக்கு மூடி போடப் பார்த்தார். திருகு ஏறவே இல்லை. நான் கிட்டே போகவில்லை. வெகுநேரம் ஆயிற்று. அவரே திருகினார். கையை மண்ணில் தேய்த்துக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டித் தம்பி தோட்டத்துக்குப் போனார்.

ஏப்ரல் 11, செவ்வாய்

பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

பால் சொசைட்டி வரிசையில் லூர்து நின்றான். ஊர் முழுக்க நிற்கிற இடம். நடுவில் போய் நின்று சொன்னேன். "லூர்து மருந்தடிக்கல. நான் பொய் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கங்க. புழுவக் கொன்னது நான்."

லூர்து காதைக் குடைந்துகொண்டான். "மன்னிப்பு கேக்குறதுக்கும் இதே சத்தந்தானா மதினி?" என்றான். சனம் சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பால்தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன்தான் வீட்டில் கொண்டுவந்து வைத்தான்.

மத்தியானம் அண்ணனும் தம்பியும் அந்த ஆறு வரிசையில் புழு இருக்கிற இலையாகப் பார்த்துக் கிள்ளி, முறத்தில் வைத்து எடுத்துவந்து எங்கள் பக்கம் கொடிக்குக் கொடி செருகிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு போனேன். இவர் என் கையிலிருந்த முறத்தை வாங்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 13, வியாழன்

இது இன்னாசி எழுதுவது. கை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருக்கும். மேடம் பொறுத்துக்கொள்ளவும்.

இந்த டைரி முழுவதும் படித்தேன். பிலோமி படிக்கக் கொடுக்கவில்லை, நானாக எடுத்தேன். மார்ச் 24இல் போட்டிருக்கும் கணக்கை அடித்துவிடவும். அது பூச்சி இல்லை. கொன்றது நான். சொன்னது அவள். நாங்கள் இன்னும் பேசவில்லை.

மருந்து அடிக்கவில்லை. மே வரை பார்க்கிறேன். அவள் கோபத்தில் எண்ணுகிறாள், அதனால் இனி எண்ணுவது நான்.

ரிப்பன் கட்டிய பத்துக் கொடியில் இன்று காலை: மாவுப்பூச்சி 198. கறுப்பு வண்டு 7. வெள்ளைப் புழு 23.

தொடவில்லை.